மூன்றாம் குழுவின் பெருமூச்சுகள்

மனிதன் பிறந்த நாளிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். இதற்காக அவன் எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுத்ததில்லை. எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. நெடுங்காலமாக நிலவி வந்த இந்த ஒழுங்கீனத்தை எங்கள் ஊர் நெஞ்சக நோய் மருத்துவமனை பதினாறு வாரங்களுக்காவது சரிசெய்து காட்டியது. அப்படிச் சரிசெய்யப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கார் பட்டறையில் பெயிண்ட் அடித்தவன். இருபத்தேழு வருடம் ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் பிடித்தேன். அடித்த பெயிண்டில் பெரும்பகுதி கார்களுக்குப் போனது. மிச்சம் எனக்குள் போனது. கார்கள் பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன. நான்தான் நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குகிறேன். அதுகூடப் பரவாயில்லை. படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு வருடமாகச் சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன். மற்றவர்களுக்கு வீடு வேண்டும், வண்டி வேண்டும், பதவி வேண்டும் என்று ஆயிரம் ஆசை இருக்கும். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். காலை நீட்டி மல்லாந்து படுத்து ஒரு தூக்கம் போட வேண்டும்.

அப்படிப்பட்ட நாளில்தான் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'நாட்பட்ட மூச்சுத்திணறலில் சுவாசப் பயிற்சி மற்றும் உள்ளிழுக்கும் மருந்து ஆகியவற்றின் பயன் குறித்த ஒப்பீட்டு ஆய்வு. விருப்பமுள்ளோர் மூன்றாவது மாடியை அணுகவும்.' லிப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏற முடியாதவர்கள் யாரும் ஆய்வுக்கு வராததால், மாடி ஏறுவது கஷ்டமாக இருக்கிறது என்று ஆய்வுப் பிரிவுக்கு ஒரு புகாரும் வரவில்லை. நான் மாடிக்கு ஒருமுறை உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் ஏறிச் சேர்ந்தேன்.

அங்கே ஆய்வை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் ஒரு இளம்பெண். எந்நேரமும் நெஞ்சோடு ஒரு தடிமனான ஃபைலை அணைத்துக்கொண்டிருப்பார் என்பதால் நோயாளிகள் நாங்கள் அவருக்கு 'ஃபைல் மேடம்' என்று பெயர் வைத்திருந்தோம். நல்ல மனுஷி. என் பங்கேற்பு முழுக்க முழுக்க என் சொந்த விருப்பம் என்று பதினான்கு இடங்களில் கையெழுத்து வாங்கினார். பிறகு ஒரு மெஷினில் ஊதச் சொன்னார். ஊதினேன். தகுதிச் சோதனைக்காகப் புது மருந்தில் ஒரு வேளை கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன வெள்ளை இன்ஹேலர். அதற்குள் ஏதோ பொடி. வாயில் வைத்து ஒரே இழுப்பு.

அரை மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும் என்று வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். கண்ணை லேசாக அசத்தியது. கொஞ்சம் சாய்ந்தேன். சாய்ந்தவன் அப்படியே படுத்துவிட்டேன். மூச்சு அடைக்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் முதுகு ஒரு பலகையைத் தொட்டது. ஃபைல் மேடம் வந்து எழுப்பியபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

"மேடம், இந்த மருந்து எந்தக் கடையில கிடைக்கும்?"

"கடைக்கு இன்னும் வரலீங்க. ஆய்வுல இருக்கறவங்களுக்கு மட்டும்தான்."

"நான்தான் இருக்கேனே!"

"இருக்கீங்க. ஆனா எந்தக் குழுன்னு கம்ப்யூட்டர் சொல்லணும்."

கம்ப்யூட்டர் சொன்னது. முதல் குழுவுக்குச் சுவாசப் பயிற்சி. இரண்டாம் குழுவுக்கு இன்ஹேலர். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. நான் மூன்றாம் குழு.

"மூணாவது குழு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. பழைய மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டு எப்பவும் போல இருக்கணும்."

"அதைத்தானே வீட்டில செஞ்சிட்டிருந்தேன்?"

"இனிமே அதை முறைப்படி செய்யணும்."

பக்கம் பதினொன்றில் ஒரு வரி இருப்பதையும் காட்டினார். 'ஆய்வு முடிந்ததும் மூன்றாம் குழுவினருக்கும் இன்ஹேலர் வழங்கப்படும்.' பதினாறு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில் வீட்டுக்குப் போயிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. கிளம்பும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"மேடம், எப்பவும் போலன்னா, ஆழமா மூச்சு இழுத்து விடலாமா?"

"ஐயோ, கூடாது. அது பயிற்சி. முதல் குழுவோடது."

"அப்ப பெருமூச்சு?"

ஃபைல் மேடம் பேனாவை மூடினார். திறந்தார். ஃபைலைப் புரட்டினார். பெருமூச்சைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றார்.

கேட்டார். அவர் கேட்டவர் அவருக்கு மேலே இருப்பவரைக் கேட்டார். அடுத்த வாரம் நான்கு பக்கச் சுற்றறிக்கை வந்தது. மூன்றாம் குழுவைச் சேர்ந்தவர் தோள்பட்டை இரண்டு விரற்கடைக்கு மேல் உயரும்படி விடும் எந்த மூச்சும் 'ஆழ்மூச்சு நிகழ்வு' எனக் கருதப்படும். கொட்டாவி இதில் அடங்கும். சூடான டீயை ஊதிக் குடித்தல் அடங்காது. பெருமூச்சு கண்டிப்பாக அடங்கும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனிப் படிவம். தேதி, நேரம், நீடித்த விநாடிகள், காரணம், நேரில் கண்ட சாட்சியின் கையெழுத்து. படிவம் விடுபட்டால் பங்கேற்பாளர் நீக்கப்படுவார்; பக்கம் பதினொன்று அவருக்குப் பொருந்தாது.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் மறுபடி போனேன். வாக்கியத்தைப் படித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டேன். அதுதான் என் முதல் படிவம்.

சாட்சிக்கு என் வீட்டுக்காரியை விட்டால் வேறு யார்? முதல் நாள் அவள் மூக்கால் அழுதபடி கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் நாள் காரணம் என்ற கட்டத்தை எட்டிப் பார்த்தாள். அதற்கு எண்கள் உண்டு. ஒன்று குடும்பம், இரண்டு தொழில், மூன்று நாட்டு நடப்பு, நான்கு இதர.

"என்னங்க, எல்லாத்துலயும் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க?"

"வேற என்ன போடறது?"

"நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? படிக்கறவங்க என்னை என்ன நினைப்பாங்க? மூணு போடுங்க. நாட்டு நடப்பு எப்பவும் மோசமாத்தான் இருக்கு."

"அப்ப நான் பேப்பரே படிக்கலையே."

"அதுக்குத்தான் சொல்றேன், பேப்பர் படிங்க!"

மூன்றாம் வாரத்துக்குள் அவள் என்னைவிடத் தேறிவிட்டாள். நான் குளியலறையில் விட்ட பெருமூச்சுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "கண்ணால பார்க்காததுக்குச் சாட்சின்னு எப்படிப் போடறது? வேணும்னா என் முன்னால இன்னொண்ணு விடுங்க" என்றாள். விட்டேன். முதலாவதுக்குச் சாட்சி கிடைத்தது. இரண்டாவதுக்கு இன்னொரு படிவம் எழுத வேண்டியதாயிற்று.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு படிவம் எழுதி முடித்ததும் இயல்பாக ஒரு பெருமூச்சு வரும். அதற்கு ஒரு படிவம். அதை எழுதி முடித்ததும் மறுபடி. ஒருநாள் காலையில் ஆரம்பித்த ஒரே பெருமூச்சு, பிள்ளை குட்டி பேரன் பேத்தி என்று பெருகி மதியம் வரைக்கும் போயிற்று. ஃபைல் மேடத்திடம் முறையிட்டேன். அவர் மேலிடத்தில் பேசி, 'படிவம் நிரப்புதலால் எழும் ஆழ்மூச்சு' என்று ஐந்தாவதாக ஒரு காரணத்தைச் சேர்க்க அனுமதி வாங்கித் தந்தார். பிரச்சினை தீரவில்லை. ஆனால் அதற்கு ஒரு எண் கிடைத்தது. அலுவலகங்களில் இதைத்தான் தீர்வு என்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படிவம் எழுதுவது மெல்ல மெல்ல எனக்குப் பிடித்துப்போயிற்று. இருபத்தேழு வருடம் பெயிண்ட் வழியாமல் அடித்த கை. நீல மையில், கோட்டைத் தொடாமல், கட்டத்துக்கு நடுவில் எழுதினேன். தப்பு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். ஃபைல் மேடம் என் படிவக் கட்டைப் புரட்டிப் பார்த்து, "உங்க ஃபைலைப் பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குங்க" என்றார். பட்டறையில் யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

ஏழாவது வாரம் வீட்டுக்கே ஒரு கண்காணிப்பு அதிகாரி வந்தார். என் பெருமூச்சுகளின் எண்ணிக்கை அதிகமாக இருப்பதாக மேலிடம் கவலைப்பட்டதாம். கையில் டேப், கழுத்தில் ஸ்டாப்வாட்ச். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தோளுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு வீட்டுக்காரியிடம் விசாரணையை ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்க இவரை ஒரு நாளைக்குச் சராசரியா எத்தனை தடவை திட்டுவீங்க?"

"நான் எங்க சார் திட்டறேன்? நல்லது கெட்டது சொல்லுவேன்."

"அது எத்தனை தடவை?"

"அவர் கேக்கற வரைக்கும்."

"கேப்பாரா?"

"இதுவரைக்கும் கேட்டதில்லை."

அதிகாரி 'வரம்பற்றது' என்று எழுதிக்கொண்டார். மூன்று நாளில் உத்தரவு வந்தது. ஆய்வின் நலன் கருதி, பங்கேற்பாளரின் மனைவி அவரிடம் மறு உத்தரவு வரும்வரை நல்லது கெட்டது சொல்லக் கூடாது. அவள் உத்தரவை இரண்டு முறை படித்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். அதன்பின் வாயே திறக்கவில்லை. டம்ளரை வைக்கிற சத்தம், கதவைச் சாத்துகிற சத்தம், செருப்பைத் தள்ளிவிடுகிற சத்தம், அவ்வளவுதான். அந்த அமைதியில் நான் விட்ட பெருமூச்சுகளை என்னாலேயே எண்ண முடியவில்லை. ஒரே வாரத்தில் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆயிற்று. பதறிப்போன மேலிடம் உடனே உத்தரவைத் திருத்தியது. 'முன்பிருந்த அளவிலேயே திட்டலாம்.' அவள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். எனக்கும் உயிர் வந்தது.

மற்ற இரண்டு குழுக்களும் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் குழுவில் எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். மாவுத் தூசியைத் தின்றே மார்பு கெட்டுப்போனவர். வாரம் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு வருவார். ஒருநாள் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன்.

"பயிற்சி எப்படிண்ணே போகுது?"

"எங்க போகுது? விரிப்பு வரலை."

"என்ன விரிப்பு?"

"பயிற்சியை விரிப்பு மேல உக்காந்து செய்யணும்னு எழுதியிருக்காம். விரிப்புக்கு ஆர்டர் போட்டாங்க. ஒன்பது வாரம் கழிச்சு வந்துச்சு. குழந்தைங்க சைசு. திருப்பி அனுப்பிட்டாங்க."

"நாற்காலியில உக்காந்து செய்யலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். நாற்காலியில விடற மூச்சு ஆய்வுல சேராதாம். வந்து கையெழுத்து போட்டுட்டு, ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துட்டுப் போறோம்."

பயிற்சி செய்ய வேண்டியவர்களுக்கு இப்படி என்றால், செய்யத் தேவையில்லாதவர்கள் அமோகமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆய்வுக்குத் தலைவரான பெரிய டாக்டர் கையில் ஒரு கடிகாரம் கட்டியிருந்தார். மணிக்கு ஒருமுறை, மூச்சு விடச் சொல்லி அது நடுங்கும். உடனே அவர் எங்கிருந்தாலும் கண்ணை மூடி ஆழமாக மூச்சு விடுவார். தலைவர் கட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மருந்தாளுநர், கணக்கர், சீட்டு எழுதுகிறவர் எல்லார் கையிலும் அந்தக் கடிகாரம் ஏறியது. பத்து மணி அடித்தால் முழுக் கட்டடமும் கண்ணை மூடிக்கொள்ளும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மூச்சுக் கிடைக்காமல் நாற்பது பேர் வரிசையில் நிற்போம். அந்தப் பக்கம் மூச்சில் ஒரு குறையும் இல்லாதவர் ஒருவர் அதை நிதானமாக அனுபவித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் குழுவில் ஒரு மரக்கடைக்காரர். அவருக்கு இன்ஹேலர் கிடைத்தது. மூன்று வாரத்தில் ஆள் தேறிவிட்டார். இரண்டு படியாகத் தாவி ஏறுவதை நானே பார்த்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு அவரைக் காணவில்லை. அவர் குழுவில் ஒருவரையும் காணவில்லை. ஃபைல் மேடம் என் முன்னாலேயே அவருக்கு போன் போட்டார். சத்தமாகப் பேசுகிற ஆள், எனக்கும் கேட்டது.

"பரிசோதனைக்கு வரலையேங்க?"

"எதுக்கும்மா? நான்தான் நல்லா ஆயிட்டேனே! கடையில லோடு இறங்குது, அப்புறம் பேசறேன். மிச்ச மருந்தையெல்லாம் ஆள்கிட்ட கொடுத்து அனுப்பிட்டேன், எனக்கு எதுக்கு?"

போனை வைத்தார். 'தொடர்பில் இல்லை' என்ற கட்டத்தில் ஃபைல் மேடம் டிக் போட்டார்.

"அவர்தான் பேசினாரே, மேடம்?"

"பரிசோதனைக்கு வராதவங்களுக்கு இந்தக் கட்டம்தாங்க. 'நல்லா ஆயிட்டாரு'ன்னு ஒரு கட்டம் இல்லை."

பதினாறாவது வாரம் முடிந்தது. முடிவை அறிவிக்கக் கூட்டம் போட்டார்கள். பெரிய டாக்டர் திரையில் படம் காட்டினார். முதல் குழு: விரிப்பின் மேல் விடப்பட்ட ஆழ்மூச்சுகள், பூஜ்யம். இரண்டாம் குழு: இறுதிப் பரிசோதனைக்கு வந்தவர்கள், பூஜ்யம். மூன்றாம் குழு: வருகை முழுமை, படிவங்கள் முழுமை, பதிவான ஆழ்மூச்சுகள் பல்லாயிரம். அதில் என்னுடையது மட்டும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஊதும் மெஷினிலும் எங்கள் அளவு ஒரு கோடு ஏறியிருந்தது. நான்கு மாதம் வாராவாரம் ஊதினால் எந்த மெஷினுக்கு எப்படி ஊத வேண்டும் என்று யாருக்கும் பழகிவிடும்.

"ஆக," என்றார் பெரிய டாக்டர், "மருந்துமில்லாமல், விரிப்புமில்லாமல், சாட்சியோடு விடப்படும் பெருமூச்சே நுரையீரலுக்குச் சிறந்த சிகிச்சை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது."

கை தட்டினார்கள். கடிகாரங்கள் நடுங்கின. எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவர்கள் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்து நான் கையைத் தூக்கினேன்.

"டாக்டர், நான் இன்னும் உக்காந்துக்கிட்டுத்தான் தூங்கறேன்."

"தூக்கம் இந்த ஆய்வின் கேள்வி அல்ல."

"பக்கம் பதினொண்ணுல, முடிஞ்சதும் எங்களுக்கும் இன்ஹேலர்னு..."

"அது முடிவு தெரியறதுக்கு முந்தி எழுதினது. பயனில்லைன்னு நிரூபணமான மருந்தை உங்களுக்குக் கொடுத்தா அது நெறிமுறைக்கு விரோதம். அதோட உங்களுக்குத்தான் குணமாயிடுச்சே!"

'முன்மாதிரிப் பங்கேற்பாளர்' என்று என் பேரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். இறங்குவதற்குக்கூட இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

செய்தி ஊரில் பரவியது. இரண்டே மாதத்தில் கடைத்தெருவில் 'பெருமூச்சு மையம்' திறந்தார்கள். வசதியானவர்கள் பெரிய விரிப்புகளோடு வந்தார்கள். முதலில் ஒரு தடங்கல். குளிர்பதன அறையில், மெல்லிய இசையில், வாசனை மெழுகுவர்த்திக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பெருமூச்சே வரவில்லை. என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். என் பழைய படிவத்தில் ஒரு பிரதியைக் கொடுத்தேன். அதை ஆளுக்கு மூன்று நகல் எழுதச் சொன்னார்கள். அறை முழுக்கப் பெருமூச்சு அலைமோதியது. இப்போது அங்கே சேர முன்பதிவு வேண்டுமாம்.

இத்தனைக்கும் நடுவில்தான் ஃபைல் மேடத்திடமிருந்து போன் வந்தது. ஆய்வு மூடப்படுகிறது, மீதமான இன்ஹேலர்களை எரியுலைக்கு அனுப்ப வேண்டும், எண்ணிக்கையைச் சரிபார்த்து நோயாளிகள் தரப்பில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். "உங்களை விட்டா எனக்கு வேற யாரையும் தோணலீங்க" என்றார். அந்தக் குரலில் ஏதோ இருந்தது.

ஏறிப் போனேன். சின்ன அறை. மேஜை மேல் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள், இரண்டாம் குழு திருப்பி அனுப்பிய வெள்ளை இன்ஹேலர்கள். பிரிக்காத உறையில், புத்தம் புதிதாக. ஃபைல் மேடம் ஒரு தாளை நீட்டினார். 'மீதம்: 37.'

"எண்ணிப் பாருங்க" என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். "நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன். பத்து நிமிஷம் ஆகும். இந்த ரூம்ல கேமரா கிடையாது. ஒரு இன்ஹேலர் மூணு மாசத்துக்கு வரும். நான் வந்து மறுபடி எண்ண மாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஃபைலைக்கூட மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் எண்ணினேன். முப்பத்தேழு. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தேழு. ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கியது. வராந்தா பெஞ்சு நினைவுக்கு வந்தது. சட்டைப் பையில் போட்டேன். போட்டுவிட்டுத் தாளைப் பார்த்தேன். 'மீதம்: 37.' அழகான கட்டம். இப்போது தொட்டியில் இருப்பது முப்பத்தாறு. முப்பத்தேழு என்று எழுதினால் பொய். முப்பத்தாறு என்று எழுதினால் அடித்தல் திருத்தல், சுருக்கொப்பம், வித்தியாசத்துக்குக் காரணம். காரணத்துக்கு எந்த எண் போடுவது? ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படிவத்தில் ஒரு இடத்திலும் நான் பொய் எழுதியதில்லை. என் ஃபைல் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஃபைல்.

ஃபைல் மேடம் வந்தபோது நான் கையெழுத்துப் போட்டு மையை ஊதிக்கொண்டிருந்தேன்.

"சரியா இருக்குங்களா?"

"சரியா இருக்கு மேடம். முப்பத்தேழு."

அவர் தொட்டியைப் பார்த்தார். காலியாக இருந்த என் சட்டைப் பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரி திட்டிய திட்டில், முன்பிருந்த அளவெல்லாம் பறந்துவிட்டது.

"மனுஷனா நீங்க? அந்தப் பொண்ணு கதவைச் சாத்திட்டுப் போனது எதுக்கு? உங்களுக்கு மூச்சுதான் இல்லைன்னு நினைச்சேன், மூளையும் இல்லையா?"

"கணக்குல ஒண்ணு குறையுமே."

"குறையட்டும்! எரிக்கப் போற சாமானை எண்ணி எவன் அழப்போறான்? அந்தத் தாள்ல சாட்சி கையெழுத்து யார் போட்டா?"

"யாரும் போடலை."

"அப்ப அது செல்லாது. நாளைக்கு நான் வரேன். நான் எடுக்கறேன் பாருங்க!"

எனக்கு ஒரு புது நம்பிக்கை பிறந்தது. அவள் ஒன்றை எடுப்பேன் என்றால் எடுத்துவிடுவாள். மறுநாள் ஒரு பெரிய கைப்பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினாள். சாட்சி இல்லாத குறையைச் சொன்னதும் ஃபைல் மேடத்தின் முகம் மலர்ந்தது. தொட்டியைக் காட்டி, தாளைக் கொடுத்து, "எனக்கு இன்னைக்கு ரெண்டு டீ குடிக்கணும், மெதுவாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வராந்தாவில் நின்றேன். இன்று ராத்திரி எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கைப்பை அவள் தோளில் தட்டையாகத் தொங்கியது. முதல் திருப்பம் இறங்கும்வரை நான் பொறுத்தேன்.

"எடுத்தியா?"

அவள் இன்னும் நாலு படி இறங்கினாள். பிறகு நின்று, கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"எடுக்கலாம்னுதாங்க போனேன். முதல்ல எண்ணிடுவோம், அப்புறம் எடுத்துக்கலாம்னு எண்ணினேன். உங்க கையெழுத்துக்குக் கீழ என் கட்டம் காலியா இருந்துச்சு. 'நேரில் கண்ட சாட்சி'ன்னு என் பேரை டைப் அடிச்சே வெச்சிருந்தாங்க. போட்டுட்டேன். போட்ட பிறகு எப்படிங்க எடுக்கறது?"

நான் அவளைத் திட்டவில்லை. எந்த வாயை வைத்துத் திட்டுவது? படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று மாலை மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிற உலையில் தொட்டியைக் கொட்டினார்கள். முப்பத்தேழும் எரிந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.